பள்ளிக்கூடம் முடிந்தும் கூடவே வருபவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் பட்ட கேலியும் ஒதுக்கலும் பெரியவரான பிறகும் ஏன் வலிக்கிறது என்ற கேள்விகள், பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுக்கள் வந்த பிறகு அதிகமாகிவிட்டன. இருபது முப்பது வருடம் தொடர்பே இல்லாதவர்கள் ஒரே நாளில் ஒரே குழுவில் சேர்க்கப்படுகிறார்கள். முதல் குட்மார்னிங் படம் வருவதற்குள் யாராவது ஒருவர் பழைய பட்டப்பெயரை எடுத்துவிடுகிறார். கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுகின்றன. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் மட்டும் அன்று ராத்திரி தூங்குவதில்லை. பல வருடம் வகுப்பறையில் பாடம் நடத்தியவன், பழைய மாணவர்களோடு இன்னமும் பேசிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் என்னிடம் வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருஷம் ஆச்சு. இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கறது சின்னப்புத்திதானே?

இல்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1958 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்கிற ஆய்வு ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு 7 வயதிலும் 11 வயதிலும், மற்ற பிள்ளைகள் இவர்களைத் துன்புறுத்துகிறார்களா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தார்கள். 7,771 பேரின் விவரம் கிடைத்தது. 100-க்கு 28 பேருக்கு எப்போதாவது தொல்லை, 15 பேருக்கு அடிக்கடி. அவர்கள் 50 வயதைத் தொட்டபோது எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து, லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வாளர்கள் 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். அடிக்கடி தொல்லைக்கு ஆளானவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. ஆபத்துக்கு ஓடி வர ஆள் குறைவு, பணக்கஷ்டம் அதிகம். குடும்பத்தின் வறுமை, குழந்தையின் அறிவுத்திறன் போன்றவற்றைத் தனியாகக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை.

இது கூட்டத்தின் கணக்கு, உங்கள் ஜாதகம் இல்லை. அந்த 15 பேரிலும் நன்றாக வாழ்ந்தவர்கள் உண்டு. ஆனால் "இன்னுமா அதையெல்லாம் நெனச்சிட்டிருக்க?" என்று இனி யாராவது கேட்டால், ஆமாம், அது அப்படித்தான் என்று நிமிர்ந்து சொல்லலாம்.

என்னை யாரும் அடிக்கலை, திட்டலை. சேர்த்துக்கலை, அவ்வளவுதான். அதுக்கா இவ்வளவு வலி?

அதற்குத்தான். விளையாட்டில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒருவரை வைப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஆட்டத்தில் இருப்பார், ஆனால் அவுட் ஆனாலும் கணக்கில்லை, ரன் எடுத்தாலும் கணக்கில்லை. தம்பி தங்கைகளை ஏமாற்ற வீட்டில் செய்கிற இந்த வேலையை வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வருடம் முழுக்கச் செய்தால் என்ன ஆகும்? 'டூ' விட்டால் கூடப் பரவாயில்லை, இரண்டு நாளில் 'பழம்' விட்டுவிடலாம். டூ விடுவதற்குக்கூட ஆள் இல்லாமல் இருப்பது வேறு ரகம்.

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு நாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இரண்டு பேர் பறக்கும் தட்டு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தட்டு இவர் பக்கம் வந்து விழ, எடுத்துத் திருப்பி எறிந்தார். அவர்களும் இவரைச் சேர்த்துக்கொண்டு சில முறை எறிந்தார்கள். பிறகு எதுவும் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் செய்த அந்தக் காரியம் தனக்குள் ஏன் அப்படித் தைத்தது என்ற யோசனையிலிருந்து, கம்ப்யூட்டர் திரையில் பந்து எறியும் ஒரு சோதனையை உருவாக்கினார். சில நிமிடம் பந்து வராமல் போனாலே போதும், மனம் சுருங்குகிறது. எதிரே ஆளில்லை, கம்ப்யூட்டர்தான் விளையாடுகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் சுருங்குகிறது.

நம்மூரில் பந்து மட்டுமா? மதிய இடைவேளையில் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நிற்கிறவர்கள் ஒரு பக்கம், டிபன் பாக்ஸைத் திறந்து வட்டமாக உட்காருகிறவர்கள் ஒரு பக்கம். அந்த வட்டத்தை யாரும் சுண்ணாம்பில் வரைந்து வைக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் வாரத்திலேயே எல்லாப் பிள்ளைக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கேலி பண்ணினவன் முகம்கூட மங்கிப்போச்சு. ஆனா சுத்தி நின்னு சிரிச்சவங்க முகம் அப்படியே இருக்கு. இது எனக்கு மட்டுமா?

பலர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது என்று எனக்குப் படுகிறது.

விடைத்தாள் கொடுக்கிற ஒரு முறையைச் சொல்கிறேன். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். மேசை மேல் கட்டு இருக்கும். அதிக மதிப்பெண்ணில் ஆரம்பித்து இறங்கிக்கொண்டே வருவார் ஆசிரியர். முதல் பத்துப் பேர் எழுந்துபோய் வாங்கும்வரை வகுப்பில் சத்தம் இருக்காது. 60-க்குக் கீழே வந்ததும் ஒரு சலசலப்பு. 35-ஐத் தாண்டி இறங்கினால் தாள் கைக்கு வராது, மேசை ஓரத்தில் வந்து விழும். சில நாள் காற்றில் பறந்து இரண்டாவது பெஞ்சுக்கு அடியில் போய்ச் சேரும். பையன் முட்டி போட்டு, பெண்பிள்ளைகளின் பைகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். குனியும்போது சட்டை டவுசரை விட்டு வெளியே வரும். முதல் சிரிப்பு அப்போதுதான் கேட்கும். கடைசித் தாள் யாருடையது என்று பெயர் சொல்லவே தேவையில்லை. ஆசிரியர் வாயைத் திறக்கும் முன் ஐம்பது தலையும் ஒரே பக்கம் திரும்பிவிடும்.

அந்தப் பையனுக்கு இன்று ஐம்பது வயது இருக்கலாம், நல்ல வேலையிலும் இருக்கலாம். மீட்டிங்கில் மேனேஜர் பெயரைச் சொன்னதும் உள்ளே இருக்கிற ஒருவன் பதறி எழுந்துகொள்கிறான். தலைகள் திரும்பிய அந்தக் கணம்தான் அவருக்குள் தங்கியிருக்கிறது, தாளில் இருந்த மதிப்பெண் இல்லை. ஒருவன் கேலி செய்தால் அது அவனுடைய கெட்ட குணம் என்று குழந்தைகூட நினைத்துக்கொள்ள முடியும். ஐம்பது பேர் சிரித்தால், அல்லது சிரிக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால், தப்பு தன்மேல்தான் என்று குழந்தை முடிவு கட்டிவிடுகிறது. பெரியவரான பிறகும் சுமப்பது இந்த முடிவைத்தான்.

ஃபின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி என்ற ஆய்வாளர் 1996-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். அடிப்பவர், அடிபடுபவர் என்று இரண்டே பேர் இல்லை. கூடச் சேர்ந்து செய்பவர், உற்சாகப்படுத்திச் சிரிப்பவர், ஒதுங்கி நிற்பவர், தடுத்துக் காப்பவர் என்று வகுப்பே அதில் நடிக்கிறது. கனடாவில் பள்ளி மைதானங்களில் வீடியோ எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2001-ல் வந்தது. கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது சம்பவங்களில் சுற்றிலும் பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான சம்பவங்களில்தான் யாராவது குறுக்கே போனார்கள். அப்படிப் போனபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் தொல்லை நின்றுவிட்டது. பத்து விநாடி என்பது "டேய் விடுடா" என்று சொல்லி முடிக்கிற நேரம்.

பட்டப்பெயர் எல்லாம் பாசத்துல வைக்கறதுதானே? இதுக்குமா சீரியஸ் ஆகணும்?

சில பெயர்கள் பாசத்தில் வைத்தவைதான். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: அந்த ஆள் புதியவர்களிடம் தன்னை அந்தப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வாரா? செய்துகொள்வார் என்றால் கவலை இல்லை. நிறம், எடை, பல், திக்குவாய், அப்பாவின் தொழில், சாதி, நடை உடை இவற்றை வைத்து வந்த பெயரை யாரும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. 'கருப்பி' என்று ஆறு வருடம் கூப்பிடப்பட்ட ஒரு பெண் இன்றும் கல்யாண ஆல்பத்தில் தன் படம் வருகிற பக்கத்தை வேகமாகப் புரட்டுகிறார். அவரை அப்படிக் கூப்பிட்டவர்களிடம் கேட்டால் "சும்மா ஜாலிக்கு" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அது ஜாலியாகத்தான் இருந்தது.

குழுவில் அப்படி ஒரு பெயர் ஓடினால், எல்லார் முன்னாலும் சண்டை போட வேண்டாம். அட்மினுக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள்: "அந்தப் பேரைச் சொல்லாதீங்கப்பா, என் பொண்ணு போனை எடுத்துப் பாக்குது." மகளைக் காரணம் காட்டுவது கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். நம்மூரில் எடுபடுகிற காரணம் அதுதான்.

"நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு"ன்னு டீச்சர் சொன்னது இன்னிக்கும் காதுல கேக்குது. அவங்க வேணும்னு சொல்லியிருப்பாங்களா?

பெரும்பாலும் இல்லை. அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பு, ஏழாவது பீரியட், தொண்டை வறண்ட நேரம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு ஆசிரியர் வீட்டுக்குப் போய்விடுவார். ஆசிரியராக இருந்தவன் என்பதற்காக இதை நியாயப்படுத்த மாட்டேன். சக மாணவன் சொன்னால் அது ஒருவனுடைய அபிப்பிராயம். ஆசிரியர் சொன்னால் அது வகுப்புக்கே கொடுத்த லைசென்ஸ். அன்று மாலை மைதானத்தில் அதே வாக்கியத்தை இருபது பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

கட்டணம் கட்டாதவர்களை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். வராண்டாவில் நிற்கிற பிள்ளையை ஒவ்வொரு பீரியட் மணிக்கும் பள்ளியே கடந்து போகும். அப்பாவின் சம்பளம் தாமதமானதற்குப் பிள்ளைக்குத் தண்டனை. 2009-ல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ளவர்களுக்கானது.

ரேங்க் விஷயத்திலும் கொஞ்சம் மாறியிருக்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்தியது. பேப்பரில் அம்மா லட்டு ஊட்டும் படங்கள் குறைந்தன. ஆனால் பள்ளி வாசலில் பிளெக்ஸ் வைப்பது நிற்கவில்லை.

எங்களை அடிச்சு வளர்த்தாங்க, அதனாலதான் இந்த நிலைமைக்கு வந்தோம்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்களே?

அதே அடி வாங்கிப் பள்ளியை விட்டே நின்றவர்கள் அந்தக் குழுவில் இல்லை. அவர்களையும் சேர்த்துக் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

எங்க ஊர் ஸ்கூல்ல கையில கலர் கலரா கயிறு கட்டியிருப்பாங்க. அப்ப அது ஃபேஷன்னு நெனச்சேன். இப்ப யோசிச்சா வேற மாதிரி தோணுது.

வேறு மாதிரித்தான். எந்த நிறம் எந்தச் சாதி என்பது தென்மாவட்டப் பள்ளிகள் பலவற்றில் எழுதாத பாடமாக இருந்தது. இந்தக் கயிறுகளுக்கு எதிராக 2019-ல் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. வந்த வேகத்தில் எதிர்ப்பும் கிளம்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரை அவருடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்பு பள்ளியில் நடந்துவந்த தொல்லையால் அவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம், பள்ளிகளின் பெயரில் சாதி வேண்டாம் என்பவற்றோடு, மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்றும் ஒரு பரிந்துரை. நாளிதழ்கள் கயிற்றைப் பற்றித்தான் நிறைய எழுதின. ஆசிரியர் பணியில் இருந்தவர்களுக்கு உட்காரும் வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பெஞ்சில் பக்கத்தில் யார் என்பதில்தான் ஒரு பிள்ளையின் வருடமே இருக்கிறது.

அரிவாள் வரை போகாத இடங்களிலும் இது நடந்திருக்கிறது. "ஸ்காலர்ஷிப் வாங்கறவங்க எல்லாம் எழுந்திரு" என்று வகுப்பில் சொல்வார்கள். படிவம் நிரப்புகிற அவசரம், வேறொன்றுமில்லை. எட்டுப் பேர் எழுந்து நிற்பார்கள். அதுவரை யார் யார் என்று தெரியாத வகுப்புக்கு அன்று தெரிந்துவிடும். அப்படி எழுந்து நின்ற ஒருவர் இப்போது சென்னையில் வங்கி அதிகாரி. "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் தயங்காமல் சொல்வார். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வந்ததும் டீ சொல்ல எழுந்து போய்விடுவார். அவர் கூச்ச சுபாவம் என்று அலுவலகத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாப்பது வயசாச்சு, ஆபீஸ்ல பொம்பளைங்ககிட்ட சகஜமா பேச வரலை. இதுக்கும் ஸ்கூலுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. இருபாலரும் படிக்கும் பள்ளியிலேயே நடுவில் பாதை விட்டு அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். படிக்கட்டு தனி. பேசினால் விசாரணை, சில தனியார் பள்ளிகளில் அபராதம். இதையெல்லாம்விட எனக்கு வேடிக்கையாகப் படுவது, பேசிக்கொண்டே இருக்கிற பையனைப் பெண்கள் பெஞ்சில் உட்கார வைக்கும் தண்டனை. பெண் பக்கத்தில் உட்காருவது அவமானம் என்று பையனுக்கும், தன் பக்கத்து இடம் ஒரு தண்டனைக் கூடம் என்று பெண்ணுக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடக்கிறது. மென்மையாகப் பேசும், நளினமாக நடக்கும் பையன்களுக்கு வைக்கிற பெயர்களும் இதே பாடத்தின் அடுத்த பக்கம். அவர்களில் சிலர் அதனாலேயே படிப்பைப் பாதியில் விட்டார்கள்.

பத்து வருடம் இப்படிப் பழக்கிவிட்டு, காலேஜ் முதல் நாளில் எல்லாம் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். இது பழக்கக் குறை, பழகினால் சரியாகும். வேலை சம்பந்தமான சின்ன விஷயங்களில் ஆரம்பியுங்கள், ஜோக் அடிக்க வேண்டாம்.

நான் கிளாஸ்ல ஹீரோ. எல்லாரும் என் பின்னாடி வருவாங்க. இன்னிக்கு எவனும் மதிக்கிறதில்லை. இப்படியும் ஆகுமா?

ஆகும். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஆலன் குழுவினர் 184 பேரை 13 வயது முதல் 23 வயதுவரை கவனித்தார்கள். 13 வயதிலேயே காதல், சின்னச் சின்ன அடாவடி, அழகான கூட்டத்தோடு சேர்ந்து சுற்றுவது என்று கெத்துக் காட்டியவர்களுக்கு அப்போது மவுசு இருந்தது. சில வருடத்தில் அது கரைந்தது. 23-ல் குடிப்பழக்கமும் உறவுகளில் சிக்கலும் அவர்களிடம்தான் கூடுதலாக இருந்தன. காரணம் எளிமையானது: மற்றவர்கள் நட்பைக் கற்றுக்கொண்ட வருடங்களில் இவர்கள் கைத்தட்டல் வாங்குவதைக் கற்றுக்கொண்டார்கள்.

உங்கள் கேள்வியில் கொஞ்சம் நேர்மை இருக்கிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை. குழுவில் பழைய கதையைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவனை அழ வெச்சது நான்தான். இப்ப மன்னிப்புக் கேக்கலாமா? கேட்டா பழசைக் கிளறின மாதிரி ஆகிடுமா?

கேட்கலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் சகாக்களும் 1990-ல் ஒரு வேலை செய்தார்கள். ஒரே ஆளிடம், தன்னை ஒருவர் நோகடித்த கதை ஒன்றும், தான் ஒருவரை நோகடித்த கதை ஒன்றும் எழுதச் சொன்னார்கள். நோகடித்த கதைகளில் விஷயம் அன்றே முடிந்திருந்தது, அதற்கு ஏதோ ஒரு காரணமும் இருந்தது. நோகடிக்கப்பட்ட கதைகளில் அது முடியவே இல்லை, காரணமும் புரியவில்லை. எழுதியவர்கள் அதே மனிதர்கள்தான், நிற்கிற இடம்தான் வேறு.

அதனால் "ஒரு தடவை ஏதோ தெரியாம" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு அது ஒரு தடவையாக இருந்திருக்காது. "நாம சின்னப் பசங்க அப்போ" என்பதும் வேண்டாம், அவரும் அப்போது சின்னப் பையன்தான். என்ன செய்தீர்கள் என்று மழுப்பாமல் சொல்லுங்கள். குழுவில் வேண்டாம், தனியாக. போனைவிட மெசேஜ் நல்லது, பதில் சொல்லாமல் இருக்கும் சுதந்திரம் அவருக்கு இருக்கும். மன்னிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். பதில் வராவிட்டால் இரண்டாம் முறை அனுப்பாதீர்கள்.

எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கும் இதே ஆய்வு ஒன்றைச் சொல்கிறது. அவன் என்றாவது உணர்ந்து வருவான் என்று காத்திருக்காதீர்கள். அவனிடம் பெரும்பாலும் அந்தக் கதையே இல்லை.

தமிழ் மீடியத்துல படிச்சு காலேஜ்ல இங்கிலீஷ் தெரியாம அவமானப்பட்டேன். இப்ப நல்லா பேசறேன். ஆனா கூச்சம் போகலையே?

மொழி வந்துவிட்டது, பார்வையாளர்கள் போகவில்லை. முதல் வருடம் உங்களை எழுப்பி விட்டு ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்ன அந்த வகுப்பு இன்னும் எதிரே உட்கார்ந்திருக்கிறது. உங்களைப் போல் தமிழ் மீடியத்தில் வந்தவர்கள் இன்று டீம் லீடாக இருக்கிற அலுவலகங்களில் ஒரு நல்ல பழக்கத்தைப் பார்த்தேன்: புதிதாகச் சேருபவர்களின் முதல் மீட்டிங்கைத் தமிழில் தொடங்குகிறார்கள். யாரும் உத்தரவு போடவில்லை.

என் பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"ன்னு தினமும் கேக்கறேன். மனைவி என்னைத் திட்டறாங்க.

மனைவி சொல்வது சரி. உங்கள் வகுப்பறைக்குள் அவனைத் தினமும் கொண்டுபோய் உட்கார வைக்கிறீர்கள். கேள்வியை மாற்றுங்கள்: "இன்னிக்கு யாரோட சாப்பிட்ட?" இந்த ஒரு கேள்வியில் வேண்டியதெல்லாம் வந்துவிடும். தொடர்ந்து பதில் "தனியா" என்று வந்தால், சாப்பாடு அப்படியே திரும்பி வந்தால், ஞாயிறு மாலை வயிற்றுவலி வந்து திங்கள் லீவு போட்டதும் சரியானால், அப்போது வகுப்பு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மற்ற பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அடுத்த நாள் காலை உங்கள் பிள்ளைதான் அந்த வகுப்புக்குள் நடந்து போக வேண்டும்.

கெட்டது மட்டும்தான் கூட வருமா? நல்லது எதுவும் தங்காதா?

தங்கும். ஆனால் யாரும் அதைக் கேள்வியாகக் கொண்டு வருவதில்லை. ஃபீஸ் கட்டாமல் வெளியே நின்ற நாளில், தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் வந்து பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போன ஒருத்தி. புளிசாதம் மட்டுமே கொண்டுவருகிறவனிடம் "எனக்குப் புளிசாதம்னா உயிருடா" என்று சொல்லித் தன் டப்பாவை மாற்றிக்கொண்ட ஒருவன். மேலே சொன்ன விடைத்தாள் பையனைப் போன்றவர்களில் பின்னாளில் மீண்டு வந்தவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு ஆளாவது இருந்திருக்கிறார். ஒரே ஒரு நல்ல நண்பன் இருந்தால்கூட தொல்லையின் பாதிப்பு குறைகிறது என்பது இந்தத் துறையில் பல முறை உறுதியான விஷயம்.

சில்வர் ஜூபிலி ரீயூனியன் வருது. போகலாமா வேண்டாமா?

போக வேண்டிய கடமை இல்லை. போவதென்றால் வகுப்பைப் பார்க்கப் போகாதீர்கள், பார்க்க வேண்டிய இரண்டு மூன்று பேரை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். திரும்பி வர உங்கள் சொந்த வண்டி இருக்கட்டும். மேடையில் மைக் பிடித்து "மலரும் நினைவுகள்" ஆரம்பிக்கும் நேரத்தில் சாப்பாட்டுப் பக்கம் போய்விடலாம். மன்னிப்பு வாங்கப் போகிறேன், கணக்குத் தீர்க்கப் போகிறேன் என்றால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். பிரியாணிக்காகப் போகிறேன் என்பது நல்ல காரணம்.

என் பொண்ணு சொல்றா, கிளாஸ்ல ஒருத்தியோட யாரும் பேசறதில்லையாம். இவளை என்ன செய்யச் சொல்றது?

தட்டிக்கேள், சண்டை போடு என்று சொல்லி அனுப்பாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பாரம், அடுத்த இலக்கு அவளாகிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் இருக்கலாம். ஹோம்வொர்க் என்ன என்று அந்தப் பெண்ணிடம் கேட்கலாம். லேபில் ஜோடி சேரச் சொன்னால் அவள் பக்கம் போய் நிற்கலாம். தனியாக முடியாவிட்டால் இன்னொரு தோழியைக் கூட்டிக்கொண்டு போகலாம், இரண்டு பேர் போனால் மூன்றாவது ஆள் தானாக வரும். ஆசிரியரிடம் சொல்வது கோள் சொல்வது இல்லை என்பதையும் வீட்டில் உரக்கச் சொல்லி வையுங்கள். இதை நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை.

பேச ஆள் வேணும்னா எங்க கூப்பிடறது?

குழந்தைகளுக்கு 1098. தமிழகப் பள்ளிகள் சம்பந்தமான புகாருக்கும் ஆலோசனைக்கும் 14417. பெரியவர்களுக்கு, ஒன்றிய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பழைய ஞாபகம் தூக்கத்தை வாரக்கணக்கில் கெடுக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை, உயிர் வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் நண்பர்களிடம் பேசுவதோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் "மனநலம்" என்று சொன்னால் போதும், என்ன விஷயம் என்று கவுன்ட்டரில் விளக்க வேண்டியதில்லை.